ஆள், ஊர், நாள்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மனிதர்களின் அஞ்சல்தலைகளும் முத்திரைகளும்

வள்ளலார் அஞ்சல்தலையை டெல்லியில் வாங்கலாம், மும்பையில் வாங்கலாம், வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்திலும் வாங்கலாம். ஆனால் அந்தத் தலையின் மேல் வடலூர் அஞ்சலகத்தின் முத்திரை விழ வேண்டுமானால், உறை வடலூருக்கு வந்தே ஆக வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்துகொண்டு அஞ்சல்தலை சேர்ப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. பெருநகர வியாபாரியின் கடையில் ஆயிரக்கணக்கான தலைகள் இருக்கும். நம் ஊர் முத்திரை நம் ஊரில்தான் இருக்கிறது.

அஞ்சல்தலை ஒருவரை யார் என்று சொல்கிறது. எங்கே, எப்போது என்பதைச் சொல்வது முத்திரை. ஆள், ஊர், நாள் மூன்றும் ஒரே உறையில் பொருந்தி வரும்போது அது வரலாற்று ஆவணமாகிறது. அந்தப் பொருத்தத்தை எப்படித் தேடுவது, எப்படி உண்டாக்குவது, எப்படிக் காப்பது என்பதே இந்த அத்தியாயம்.

ஹாக்கி சேகரிப்பாளர்கள் காட்டும் வழி

ஆளை மையமாக வைத்துச் சேர்க்கும் முறைக்கு விளையாட்டுத் துறையில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. பனிக்கட்டித் தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கி கனடாவின் உயிர்மூச்சு. அந்த நாட்டு அஞ்சல்துறை 1956லேயே அந்த ஆட்டத்துக்கு ஒரு தலை வெளியிட்டது. 2000 பிப்ரவரியில் வெய்ன் கிரெட்ஸ்கி, கார்டி ஹவ், மாரிஸ் ரிச்சர்ட், டக் ஹார்வி, பாபி ஓர், ஜாக் பிளாண்ட் என்னும் ஆறு வீரர்களை ஒரே தாளில் வெளியிட்டது. அடுத்த ஆண்டுகளிலும் அந்த வரிசை தொடர்ந்தது.

தாளை வாங்கி ஆல்பத்தில் செருகிவிட்டால் சேகரிப்பு அங்கேயே முடிந்துவிடும். அக்கறையுள்ளவர் கிரெட்ஸ்கி தலையை ஓர் உறையில் ஒட்டி, அவர் பிறந்த பிராண்ட்ஃபோர்டு நகரத்தின் முத்திரையை வாங்குவார். பாபி ஓருக்குப் பாரி சவுண்ட். அதுவும் அவரவர் பிறந்த நாளில் வாங்க முடிந்தால் இன்னும் சிறப்பு. கனடாவின் ஸ்கார்பரோவிலோ மிசிசாகாவிலோ உறவினர் இருந்தால் இத்தகைய உறைகளை நீங்களும் வரவழைக்கலாம்.

நம் நாட்டு ஹாக்கிக்கு வந்தால் தியான்சந்த் இருக்கிறார். 1928, 1932, 1936 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அணிகளின் நட்சத்திரம். அவர் மறைந்தது 1979 டிசம்பர் 3. சரியாக ஓராண்டு கழித்து, 1980 டிசம்பர் 3 அன்று, 35 பைசா தலை வெளியானது. வெளியீட்டு நாளிலேயே ஒரு பொருத்தம் அமைந்திருப்பதைப் பாருங்கள். அவர் வாழ்ந்த ஜான்சியின் முத்திரையோடு, அவர் பிறந்த ஆகஸ்ட் 29ல், அதாவது தேசிய விளையாட்டு நாளில், ஓர் உறை சேர்ந்தால் பொருத்தம் முழுமை பெறும்.

இதே முறையை நம் வட்டாரத்து மனிதர்களுக்குப் பொருத்துவோம்.

முதல் வேலை: ஆட்களின் பட்டியல்

தலையைத் தேடுவதற்கு முன் ஆட்களைத் தேடுங்கள். வட்டாரத்தில் பிறந்தவர், இங்கே பணி செய்தவர், இங்கே சிறைப்பட்டவர், வெளியிலிருந்து வந்து இங்கே நிறுவனம் எழுப்பியவர் என நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் தேடல் எளிது. கீழே உள்ளவர்களோடு தொடங்கலாம்.

வள்ளலார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தவர். 1867ல் வடலூரில் சத்திய தருமச்சாலையையும், 1872 தைப்பூசத்தை ஒட்டிச் சத்திய ஞான சபையையும் தொடங்கியவர். இவருடைய 5 ரூபாய் தலை 2007 ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் என அவர் வாழ்வின் முக்கிய இடங்கள் பல நம் மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால், ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறவர் இவரையே எடுத்துக்கொள்ளலாம்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார். 1920ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியையும், 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் உருவாக்கியவர். பிறந்தது 1881 செப்டம்பர் 30. நூற்றாண்டு தொடங்கிய 1980 செப்டம்பர் 30ல் அவருடைய தலை வெளிவந்தது. இதற்குப் பொருந்தும் முத்திரை அண்ணாமலைநகர் அஞ்சலகத்துடையது. பின்கோடு 608002.

ராஜா சர் முத்தையா செட்டியார். அண்ணாமலை செட்டியாரின் மகன், சென்னை மாநகராட்சியின் முதல் மேயர், பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர். 1987ல் அவருக்கும் தலை வந்தது. தந்தையும் மகனும் அஞ்சல்தலையில் இடம்பெற்று, இருவருக்கும் ஒரே அஞ்சலகத்தின் முத்திரை பொருந்துவது அரிய அமைப்பு. இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள்.

உ.வே. சாமிநாதையர். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தலை 2006 பிப்ரவரி 18. உத்தமதானபுரம், கும்பகோணம், சென்னை என்றுதான் பெரும்பாலோர் அவரைத் தேடுவார்கள். சிதம்பரம் முத்திரையோடு ஓர் உறை செய்தால், அதிகம் பேசப்படாத மூன்று ஆண்டுகளை நீங்கள் ஆவணப்படுத்துகிறீர்கள்.

சுப்பிரமணிய பாரதி. பத்தாண்டு புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழைந்ததும், 1918 நவம்பர் 20 அன்று கைதாகி, டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில் இருந்தார். 1960 செப்டம்பர் 11 அன்று வந்த 15 நயா பைசா தலை அவருடையது. அதோடு பொருந்தும் கடலூர் முத்திரைக்கு இரண்டு நாட்கள் உண்டு: நவம்பர் 20, டிசம்பர் 14. இடையில் அவர் பிறந்த நாளான டிசம்பர் 11 வருகிறது. 1918ல் அந்தப் பிறந்தநாளை அவர் சிறையிலேயே கழித்தார் என்பதால், கடலூர் முத்திரைக்கு அந்த நாளும் ஆழமான பொருத்தம்.

ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணம் நல்லூர்க்காரர். 1864ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1971ல் இலங்கை வெளியிட்ட தேசியத் தலைவர்கள் வரிசையில் 5 சதத் தலை அவருக்கு உண்டு. அந்நாடு பெயர் மாறியது 1972ல் என்பதால், ஸ்டேன்லி கிப்பன்ஸ் போன்ற ஆங்கிலப் பட்டியல் நூல்களில் இதை சிலோன் என்ற தலைப்பின் கீழ்த் தேடுங்கள். இலங்கைத் தலையை இந்திய அஞ்சலில் பயன்படுத்த முடியாது. எனவே இதற்கு உள்ளூர் முத்திரை கிடைக்காது. நல்லூர் அல்லது யாழ்ப்பாணம் முத்திரையுள்ள பழைய உறை கிடைத்தால் அதுவே பொருத்தம்.

மனிதர்களின் பட்டியலில் இல்லாவிட்டாலும் நடராசரை விட்டுவிட முடியாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுப் பயன்பாட்டு வரிசை 1949 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. தொல்லியல் படங்கள் கொண்ட அந்த 16 தலைகளில் 2 அணாத் தலையில் இருப்பவர் நடராசர். நினைவுத் தலை போலச் சில நாட்கள் மட்டும் விற்றதல்ல இது. அன்றாடக் கடிதங்களில் ஆண்டுக்கணக்கில் ஒட்டப்பட்டது. ஆகவே அந்தக் காலத்துச் சிதம்பரம் முத்திரை விழுந்த நடராசர் தலை எங்கோ ஒரு வீட்டுப் பரணில் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மலிவான தலைதான். சிதம்பரம் முத்திரை தெளிவாகத் தெரியும் பிரதிதான் அரிது.

இன்னும் தலை கையில் சேராத மனிதருக்கும் பக்கம் ஒதுக்கலாம். எழுத்தாளர் ஜெயகாந்தன் பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம், 1934 ஏப்ரல் 24. அந்த நாளில் கடலூர் 607001 முத்திரை விழுந்த ஓர் எளிய அஞ்சல் அட்டை போதும். ஊரும் நாளும் பொருந்துகின்றன. ஆளைப் பற்றிய இரண்டு வரியை நீங்கள் எழுதுவீர்கள்.

முத்திரையைப் படிப்பது

சாதாரண நாள் முத்திரை ஒரு வட்டம். அதில் அஞ்சலகத்தின் பெயர், தேதி, பின்கோடு ஆகியவை இருக்கும். இவற்றைக் கொண்டே தேதி மங்கிய முத்திரையின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

பின்கோடு முறை இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆகவே பின்கோடு உள்ள முத்திரை அதற்குப் பிந்தையது என்பது உறுதி. பின்கோடு இல்லாத முத்திரையை மட்டும் அவசரப்பட்டுப் பழையது என்று தீர்மானிக்காதீர்கள். பழைய அச்சு பிறகும் பல காலம் புழங்கியிருக்கலாம். முதல் மூன்று எண்களில் 607 கடலூர்ப் பக்கம், 608 சிதம்பரம் பக்கம் என்று நினைவில் வைத்தால் பெயர் அழிந்த முத்திரைகூடப் பிடிபடும்.

காசு முறையும் உதவும். 1957 ஏப்ரல் 1 வரை அணா, பிறகு நயா பைசா, 1964 முதல் வெறும் பைசா. தலையின் மதிப்பையும் முத்திரைத் தேதியையும் ஒப்பிட்டால் போலிகளை இனம் காணலாம்.

முகவரியிலும் வரலாறு உண்டு. நம் மாவட்டம் நெடுங்காலம் தென்னாற்காடு. 1993 செப்டம்பர் 30 அன்று அது பிரிந்தபோது கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்குத் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் மாவட்டங்களின் ஆட்பெயர்கள் நீக்கப்பட்டுக் கடலூர் மாவட்டம் ஆயிற்று. அந்தக் குறுகிய காலத்தில் வள்ளலார் மாவட்டம் என்ற முகவரி அச்சிட்ட அலுவலக உறைகள், பள்ளி உறைகள், வங்கி உறைகள் புழங்கின. வள்ளலாரைச் சேர்ப்பவருக்கு அவை அவசியம் வேண்டியவை. இன்று அவற்றுக்கு யாரும் விலை சொல்வதில்லை. பழைய காகிதக் கடைக்குப் போகும் முன் அவற்றைக் காப்பாற்றுங்கள்.

கடித உறையின் பின்பக்கத்தையும் பாருங்கள். போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை அங்கே இருக்கலாம். முன்பக்கம் சிதம்பரம், பின்பக்கம் காரைக்குடி என்றால் கடிதம் நடந்த பாதையே உங்கள் கையில் இருக்கிறது.

தெளிவான முத்திரை வாங்கும் முறை

அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு நல்ல முத்திரை விழும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நேரில் போவதே சிறந்தது.

1. உறையின் வலது மேல் மூலையில் தலையை ஒட்டுங்கள். இடது பக்கமும் கீழும் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். முத்திரையின் பாதி தலை மேலும் பாதி உறை மேலும் விழ வேண்டும். அப்போதுதான் ஊர்ப்பெயர் படிக்கும்படி இருக்கும்.

2. உறைக்குள் அதே அளவுக்கு ஒரு கெட்டி அட்டையை வையுங்கள். உறை வளையாது, முத்திரையும் சீராக விழும்.

3. முகவரியைப் பென்சிலில் எழுதாதீர்கள். மழையில் கரையாத மையில், உறையின் கீழ்ப்பாதியில், சிறிதாக எழுதுங்கள்.

4. இன்றைய கட்டணம் முழுவதும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதை எழுதும்போது 20 கிராம் வரையிலான சாதாரண உள்நாட்டுக் கடிதத்துக்கு 5 ரூபாய். வள்ளலார் தலையின் மதிப்பும் அதேதான் என்பதால் அந்த ஒரு தலையே கடிதத்தைக் கொண்டு சேர்க்கும். 1980ஆம் ஆண்டுத் தலைகள் பைசா மதிப்பில் இருப்பவை. அவற்றோடு இன்றைய தலையையும் சேர்த்து ஒட்டிக் கட்டணத்தை நிறைவு செய்யுங்கள். அணாத் தலைகளைப் புதிதாக ஒட்டி அனுப்பக் கூடாது. அவற்றைப் பழைய முத்திரையோடுதான் தேட வேண்டும்.

5. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். பணம் கட்டும் வரிசை நீண்டிருக்கும் காலை வேளையும், பை கட்டி அனுப்பும் மாலை வேளையும் ஏற்றவை அல்ல. அஞ்சலக அதிகாரியிடம், “ஐயா, இது சேகரிப்புக்கு. தேதி தெளிவா விழுற மாதிரி ஒரு முத்திரை போட்டுத் தாங்க” என்று சொன்னால், பெரும்பாலும் மை தோய்த்து ஒரு வெற்றுத்தாளில் அடித்துப் பார்த்துவிட்டே உறையில் போடுவார்கள். அந்தச் சோதனை அச்சையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

6. முத்திரை போட்டதும் கையில் திருப்பித் தருவார்கள் என்றால் அது ஒரு வகை. அஞ்சலில் சேர்த்து உங்கள் வீட்டுக்கு வந்தால் இன்னொரு வகை. இயன்றால் இரண்டு உறை செய்யுங்கள். கண்காட்சி நடுவர்கள் உண்மையில் பயணம் செய்த உறையையே மேலாக மதிப்பார்கள்.

கிராமங்களில் இருக்கும் கிளை அஞ்சலகங்களின் நடைமுறை ஊருக்கு ஊர் மாறும். மருதூர் போன்ற இடங்களுக்குப் போவதற்கு முன் அங்கே கடிதங்களுக்கு முத்திரை போடுகிறார்களா, அல்லது கணக்கு அஞ்சலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போக முடியாத ஊருக்குக் கடிதம் எழுதலாம். கட்டணத் தலை ஒட்டி, உங்கள் முகவரி எழுதிய உறையைப் பெரிய உறைக்குள் வைத்து, இப்படி ஒரு தாளையும் சேர்த்து அனுப்புங்கள்:

“மதிப்புக்குரிய அஞ்சல் அதிகாரி அவர்களுக்கு, வணக்கம். நான் அஞ்சல்தலை சேகரிப்பவன். இத்துடன் முழுக் கட்டணத் தலை ஒட்டிய ஓர் உறை வைத்துள்ளேன். அதில் ஆகஸ்ட் 29 தேதியிட்ட தங்கள் அஞ்சலக முத்திரையைத் தெளிவாக இட்டு அஞ்சலில் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உதவிக்கு என் நன்றி.”

வெளிமாநிலத்துக்கு இதையே இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். குறிப்பிட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்பே உறை அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முன்தேதியிட்டு முத்திரை கேட்பது தவறு. கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாள் பொய்யானால் சேகரிப்பின் அடிப்படையே போய்விடும்.

ஆண்டின் நாட்கள்

ஒரு நாட்காட்டியில் இவற்றைக் குறித்து வையுங்கள். தைப்பூசம், வடலூர். ஜூன் 15, அண்ணாமலை செட்டியார் மறைந்த நாள், அண்ணாமலைநகர். ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும், சிதம்பரம். செப்டம்பர் 30, அண்ணாமலைநகர். அக்டோபர் 5, வடலூர், மருதூர். நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை, கடலூர். ஞாயிற்றுக்கிழமையும் மத்திய அரசு விடுமுறையும் குறுக்கிடும் ஆண்டுகளில் அந்தப் பொருத்தத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். வடலூரில் தைப்பூசத்தன்று பெருங்கூட்டம் கூடும், சாலைகள் அடைபடும். முந்தைய நாளே போய் அஞ்சலகத்தில் பேசிவிட்டு வருவது நல்லது.

சிறப்பு முத்திரைகள்

நாள் முத்திரைக்கு மேல் மூன்று வகை தெரிந்திருக்க வேண்டும். தலை வெளியாகும் நாளில் மட்டும் போடப்படும் முதல் நாள் முத்திரை முதல் வகை. ஃபர்ஸ்ட் டே கவர் என்று நாம் சொல்லும் முதல் நாள் உறையில் இருப்பது இதுவே. அதோடு விற்கப்படும் தகவல் தாளையும் விடாமல் வாங்குங்கள். அந்த மனிதரைப் பற்றிய குறிப்பும் தலையின் தொழில்நுட்ப விவரங்களும் அதில் உள்ளன.

சிறப்பு உறை இரண்டாவது. ஒரு விழா, நூற்றாண்டு, கண்காட்சி ஆகியவற்றுக்காக அஞ்சல்துறை ஒரு நாள் மட்டும் பயன்படுத்தும் படமுள்ள முத்திரை அதில் இருக்கும். இதற்குக் கோரிக்கை வைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளும் கல்வி நிறுவனங்களும்தான். நம் ஊர் மனிதர் ஒருவரின் நூற்றாண்டு நெருங்குகிறது என்றால், நாள் தள்ளாமல், கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டு ஒரு பள்ளியையோ சங்கத்தையோ விண்ணப்பிக்கத் தூண்டுங்கள். சேகரிப்பாளர் தேடுபவர் மட்டுமல்லர், உருவாக்குபவரும்கூட.

மூன்றாவது நிரந்தரப் பட முத்திரை. சுற்றுலாத் தலங்கள், புகழ்பெற்ற கோயில்கள் உள்ள ஊர்களின் குறிப்பிட்ட அஞ்சலகங்களில் எல்லா வேலை நாட்களிலும் கிடைக்கும். எங்கே பயணம் போனாலும் அவ்வூர்த் தலைமை அஞ்சலகத்தில் இதைப் பற்றிக் கேட்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய தலைகள் தவறாமல் கிடைக்க அஞ்சல்தலை வைப்புக் கணக்கு தொடங்கலாம். குறைந்தது 200 ரூபாய் கட்டினால் போதும். நீங்கள் குறித்துக் கொடுத்தபடி வெளியீடுகள் வீடு தேடி வரும். நேரில் வாங்க விரும்பினால் சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் உள்ள அஞ்சல்தலைப் பணியகத்துக்குப் போகலாம். பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு நன்மை: 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் சேகரிப்பாளர்களுக்கு தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாணவர் பெயரில் வைப்புக் கணக்கு இருக்க வேண்டும்.

நடைமுறைகள் மாறும்போது விழித்திருங்கள். 2025ல் பதிவு அஞ்சல் தனிச் சேவையாக இல்லாமல் போயிற்று. விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. சிதம்பரம், கடலூர் அஞ்சலகங்களின் பதிவு எண் சீட்டு ஒட்டிய உறைகள் இனி உண்டாகப் போவதில்லை. வக்கீல் அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கிடக்கும் அத்தகைய உறைகளை, உள்ளிருக்கும் கடிதத்தைத் தொடாமல், உரியவர் அனுமதியோடு கேட்டு வாங்குங்கள்.

மேக்ஸிமம் கார்டு

ஆள், ஊர், நாள் பொருத்தத்தைக் கண்ணுக்குக் காட்டும் வடிவம் மேக்ஸிமம் கார்டு. ஒரு படஅட்டையின் படமுள்ள பக்கத்திலேயே தலையை ஒட்டி, அதன் மேல் முத்திரை வாங்குவது. படத்தில் இருப்பதும் தலையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். முத்திரையின் ஊரும் நாளும் அவற்றோடு தொடர்புடையவையாக இருக்க வேண்டும். உலகக் கண்காட்சி விதிப்படி படம் அட்டையின் முக்கால் பங்குக்குக் குறையாமல் நிரப்பியிருக்க வேண்டும். வள்ளலார் திருவுருவப் படஅட்டையில் வள்ளலார் தலை, வடலூர் முத்திரை, தைப்பூச நாள்: தொடக்கத்துக்கு இதைவிட நல்ல அட்டை கிடைக்காது. தலையைப் பெரிதாக்கி நகலெடுத்து அட்டையாக்குவதைத் தவிருங்கள். கடைகளில் விற்கும் அட்டையாக இருப்பது மேல்.

வாங்கும்போது

இந்த அத்தியாயத்தில் சொன்ன இந்தியத் தலைகள் எல்லாம் எளிய விலைக்குக் கிடைப்பவை. அரிது என்று யாராவது பெரிய தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முத்திரை அரிதா என்பதை மட்டும் பாருங்கள்.

விளையாட்டு வீரர்களின் தலைகளில் கூடுதல் கவனம் வேண்டும். புகழ்பெற்ற வீரர்களின் படத்தைப் போட்டு, சிறிய நாடுகளின் பெயரில், அந்நாடுகளுக்கே தெரியாமல் அச்சடித்து விற்கும் தாள்கள் சந்தையில் ஏராளம். அவை அஞ்சல்தலைகளே அல்ல. உலக அஞ்சல் ஒன்றியம் 2002 முதல் நடத்தும் எண் பதிவில் இருக்கிறதா, நம்பகமான பட்டியல் நூலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

பழைய உறையிலிருந்து தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் பழக்கத்தை, ஊர் முத்திரை படிக்க முடிகிற எந்த உறையிலும் செய்யாதீர்கள். உறையை முழுசாக வையுங்கள். உறை கிழிந்து கெட்டிருந்தால் முத்திரை முழுவதும் அடங்கும்படி சதுரமாக வெட்டி வையுங்கள்.

கடலோர ஈரத்திலிருந்து காப்பது

நம் வட்டாரத்துக்கு ஈரமே முதல் பகை. கடல் காற்றோடு ஐப்பசி, கார்த்திகை மழை சேரும்போது புதுத் தலைகளின் பின்புறப் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடிக்கும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவற்றைக் கண்ட மாவட்டத்தில் காகிதச் சேகரிப்பு வைத்திருப்பவர் எதையும் தரை மட்டத்தில் வைக்கக் கூடாது.

தலைகளைச் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கை அலமாரியில் நிறுத்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் தலைகள் அழுந்திப் பசை ஒட்டும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, ஈரம் உறிஞ்சியதும் மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் எல்லாப் பக்கங்களையும் நிழலில் ஒரு முறை காற்றாட விரியுங்கள். நேர் வெயிலில் வைத்தால் நிறம் போகும். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். செல்லோ டேப்பும் பிவிசி உறைகளும் ஆல்பத்தின் பக்கமே வரக் கூடாது. உறைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.

16 பக்கங்கள்

சேர்த்தது நாலு பேர் பார்க்கும்படி அமைய வேண்டும். கண்காட்சிகளில் ஒரு சட்டகம் என்பது ஏ4 அளவில் 16 பக்கம். மாவட்டக் கண்காட்சியிலும், மாநில அளவிலான தனாபெக்ஸ் கண்காட்சியிலும் இதுவே தொடக்கக்காரருக்கு ஏற்ற அளவு. அதை இப்படிப் பிரிக்கலாம்: தலைப்பும் திட்டமும் ஒரு பக்கம், நடராசரும் சிதம்பரமும் இரண்டு, வள்ளலார் ஐந்து, செட்டியார் தந்தையும் மகனும் மூன்று, உ.வே.சா. ஒன்று, நாவலர் ஒன்று, பாரதியும் கடலூரும் இரண்டு, தலை கிடைக்காத மனிதர்கள் ஒன்று.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து குறைவாக இருக்கட்டும். வள்ளலார் பக்கத்துக்கு இவ்வளவு போதும்: “வள்ளலார், 1823–1874. 5 ரூபாய், வெளியீடு 17.8.2007. வடலூர் அஞ்சலக முத்திரை, தைப்பூச நாள். சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் 1872 தைப்பூசத்தில் நடந்தது.” ஆள், ஊர், நாள் மூன்றும் நான்கு வரிகளில் வந்துவிட்டன. எந்தப் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போகிறதோ அந்தப் பக்கத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

தொடங்க அதிகப் பொருள் தேவையில்லை. வள்ளலார் தலைகள் நான்கு, வெள்ளை உறைகள் நான்கு, ஓர் இடுக்கி, ஒரு சிறிய ஸ்டாக் புக். அடுத்து வரும் அக்டோபர் 5ஐ நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அன்று வடலூர் அஞ்சலகம் திறந்திருக்குமா என்று முதலில் கேட்டு வாருங்கள். உங்கள் 16 பக்கங்களில் ஒன்று அன்றைக்கே முடிந்துவிடும்.